டிக்கன்ஸ் தெருவுலயே ஆபீஸ் வச்சிருந்த இன்னொரு எழுத்தாளர்: ஜி. டபிள்யூ. எம். ரெனால்ட்ஸ்

விக்டோரியா காலத்து நாவல்னு பேச்சு வந்தா முதல்ல டிக்கன்ஸ் பேரு வரும், அப்புறம் தாக்கரே, ஜார்ஜ் எலியட், பிரான்டி சகோதரிகள்னு போகும். ஜி. டபிள்யூ. எம். ரெனால்ட்ஸ் பேரை அனேகமா யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா அதே காலத்துல லண்டன் தெருவுல காய்கறியும் மீனும் வித்துக்கிட்டிருந்தவங்க கிட்ட போய் உங்களுக்குப் பிடிச்ச எழுத்தாளர் யாருன்னு கேட்டிருந்தா ரெனால்ட்ஸ்னுதான் சொல்லியிருப்பாங்க. இது ஊகம் இல்ல. ஹென்றி மேஹ்யூங்கிற ஜர்னலிஸ்ட் அந்தக் காலத்து லண்டன் உழைப்பாளிங்களைத் தேடிப் போய்ப் பேசி எழுதி வச்சதுலயே இருக்கு. எழுதப் படிக்கத் தெரியாத தெரு வியாபாரிங்க சாயங்காலத்துல ஒண்ணா கூடி, அவங்கள்ல படிக்கத் தெரிஞ்ச ஒருத்தரை வாசிக்கச் சொல்லிக் கேப்பாங்க, அவங்க ஆசையா கேட்டது ரெனால்ட்ஸோட பத்திரிகைங்கதான், அதுலயும் அரண்மனை ரகசியங்களைச் சொல்ற தொடர்னா உயிரு, லண்டன்ல ஜனங்க கூட்டம் கூடுற டிராஃபல்கர் ஸ்கொயர்ல அவருக்குப் பின்னாடி நின்னோம், கூப்பிட்டா இன்னொரு தடவையும் நிப்போம்னு சொல்ற ஆளுங்க.

ஒரு நாவலாசிரியருக்கும் டிராஃபல்கர் ஸ்கொயருக்கும் என்ன சம்பந்தம்? அதைப் புரிஞ்சுக்கிட்டா ரெனால்ட்ஸைப் புரிஞ்சுக்கலாம். அவரை நாவலாசிரியர்னு தனியா, ஜர்னலிஸ்ட்னு தனியா, அரசியல்வாதின்னு தனியா பிரிச்சு எழுதுறவங்க நிறைய பேர். மூணும் ஒரே வேலைதான்னு நான் நினைக்கிறேன்.

முழுப் பேரு ஜார்ஜ் வில்லியம் மக்ஆர்தர் ரெனால்ட்ஸ். 1814 ஜூலைல கென்ட் மாவட்டத்துல சாண்ட்விச்ங்கிற ஊர்ல பிறந்தாரு. அப்பா கடற்படை கேப்டன், சர் பட்டம் வாங்கினவர். பையனும் ராணுவத்துக்குப் போகணும்னு குடும்பத்துல நினைச்சாங்க, அதனால 1828ல சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரில சேத்துவிட்டாங்க. அப்பா அதுக்கு முன்னாடியே போயிட்டாரு, 1830ல அம்மாவும் இறந்தாங்க. பையன் அந்த வருஷமே கல்லூரிய விட்டு வெளிய வந்து, கைல இருந்த சொத்துப் பணத்தோட பிரான்ஸுக்குப் போயிட்டாரு. 1830ங்கிறது பிரான்ஸ்ல சாதாரண வருஷம் இல்ல, ஜூலை மாசம் பாரிஸ் ஜனங்க தெருவுல இறங்கி ஒரு ராஜாவையே துரத்தி விட்ட வருஷம். அந்தச் சூடு ஆறாத பாரிஸுக்கு 16 வயசுல போய்ச் சேந்த பையன் ராஜா ராணி மேலயும் சர்ச் மேலயும் நம்பிக்கை இல்லாத ஆளா மாறினதுல ஆச்சரியம் என்ன இருக்கு? 1832லயே, அதாவது 18 வயசுல, கிறிஸ்தவ மதத்தோட தப்புகளைச் சொல்றேன்னு ஒரு சின்ன புத்தகம் போட்டுட்டாரு. பாரிஸ்லயே சூசன்னா பியர்சன்ங்கிற பெண்ணைக் கல்யாணம் பண்ணாரு, அந்தம்மாவும் பின்னாடி நாவலும் சமையல் குறிப்புப் புத்தகமும் எழுதினவங்க. பிரெஞ்சு இலக்கியத்தை விழுந்து விழுந்து படிச்சாரு, பாரிஸ்ல இங்கிலீஷ் பத்திரிகை நடத்திப் பாத்தாரு, பணம் எல்லாம் கரைஞ்சு போச்சு, 1836 வாக்குல வெறுங்கையோட லண்டன் திரும்பினாரு.

திரும்பி வந்ததும் அவரு செஞ்ச காரியம் ஒண்ணு டிக்கன்ஸுக்குக் கடைசி வரைக்கும் ஆறாத கோபத்தை உண்டாக்குச்சு. டிக்கன்ஸோட முதல் நாவலான பிக்விக் தொடர் 1837 நவம்பர்ல முடியுது. ரெனால்ட்ஸ் அப்போ ‘மன்த்லி மேகசின்’ பத்திரிகையோட எடிட்டர். தொடர் முடிஞ்ச சூட்டோட அதே மிஸ்டர் பிக்விக்கைத் தூக்கி பிரான்ஸுக்கு டூர் அனுப்பி ‘பிக்விக் அப்ராட்’னு ஒரு தொடரை ஆரம்பிச்சாரு. யாரைக் கேட்டு? யாரையும் கேக்கல. ஒருத்தர் உருவாக்கின பாத்திரத்தை இன்னொருத்தர் எடுத்து எழுதுறதைத் தடுக்க அன்னைக்கு இருந்த காப்பிரைட் சட்டத்துல பெருசா ஒண்ணும் வழி இல்ல, அதனால இந்த மாதிரி காப்பிங்க நிறைய வந்துச்சு. அதுல பிரான்ஸை நேர்ல பாத்து எழுதின ஒண்ணு இதுதான், நல்லாவே வித்துச்சு. இதை நான் நியாயப்படுத்த வரல, இன்னொருத்தர் உழைப்பு மேல ஏறி நின்னு சம்பாதிச்சதுதான் இது. ஆனா ஜனங்களுக்கு என்ன வேணும்னு மோப்பம் பிடிக்கிற திறமை அந்த வயசுலயே அவர்கிட்ட இருந்துச்சுங்கிறதும் இதுல தெரியுது. நடுவுல குடியை விடச் சொல்லி பிரச்சாரம் பண்ற ‘டீடோட்டலர்’ங்கிற வார இதழுக்கும் 1840-41ல எடிட்டரா இருந்தாரு.

இவரை உச்சத்துக்குக் கொண்டு போனது 1844ல ஆரம்பிச்ச ‘மிஸ்டரீஸ் ஆஃப் லண்டன்’. ஐடியா பாரிஸ்ல இருந்து வந்தது. யூஜென் சூ அங்க ஒரு தினசரில பாரிஸ் நகரத்தோட இருட்டுப் பக்கங்களை 1842-43ல தொடரா எழுதி ஐரோப்பாவையே கலக்கியிருந்தாரு. அந்த மாதிரியை எடுத்துக்கிட்டு லண்டனுக்கு ஏத்த மாதிரி ரெனால்ட்ஸ் கட்டினதுதான் இது. வாரா வாரம் 8 பக்கம், பக்கத்துக்கு ரெண்டு பத்தியா (காலம்) பொடி எழுத்து, முதல் பக்கத்துல மேல ஒரு மரச்செதுக்குப் படம், விலை ஒரு பென்னி. இந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையா பாக்கணும், ஏன்னா இதுலதான் விஷயமே இருக்கு. டிக்கன்ஸோட மாசத் தொடர் 32 பக்கம், விலை ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்னி. ரெனால்ட்ஸை நாலு வாரம் வாங்கினா அதே 32 பக்கம், ஆனா செலவு 4 பென்னிதான், பொடி எழுத்துங்கிறதால வார்த்தைங்களும் அதிகம். வாரக் கூலி வாங்கிக் குடும்பம் நடத்துறவங்களுக்கு மாசத்துக்கு ஒரு தடவை மொத்தமா ஒரு ஷில்லிங் எடுத்து வைக்கிறது முடியாத காரியம், சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் ஒரு பென்னி கொடுக்கிறது முடியும். அதையும் நாலு பேரு பங்கு போட்டு வாங்கினா இன்னும் சுலபம். வாரத்துக்கு 30,000-ல இருந்து 40,000 காப்பி வரைக்கும் போச்சுன்னு சொல்றாங்க. படிச்சவங்க எண்ணிக்கை இதைவிட பல மடங்கு இருந்திருக்கும், ஒரு காப்பிய ஒரு வீட்டுல மட்டுமா படிச்சாங்க? அந்த முதல் பக்கப் படம் சும்மா அழகுக்கு போட்டதும் இல்ல. படிக்கவே தெரியாத ஆளு வித்தியாசமான படத்தைப் பாத்துட்டு இதழை வாங்கிக்கிட்டுப் போய், இதுல என்ன நடக்குதுன்னு படிக்கத் தெரிஞ்சவங்களைக் கேட்டுத் தெரிஞ்சுக்குவாருன்னு மேஹ்யூ கிட்ட ஒருத்தர் சொல்லியிருக்காரு.

இன்னொரு காரணமும் இருக்கு, அது வரி. அன்னைக்கு இங்கிலாந்துல செய்தி போடுற ஒவ்வொரு பேப்பருக்கும் ஸ்டாம்ப் வரி கட்டணும், 1836க்கு முன்னாடி ஒரு காப்பிக்கு 4 பென்னி, அதுக்கப்புறம் 1 பென்னி. விளம்பரத்துக்குத் தனி வரி, காகிதத்துக்குத் தனி வரி. ஏழைங்க கைக்கு அரசியல் செய்தி போய்ச் சேரக் கூடாதுங்கிற எண்ணத்துலயே ஏத்தி வச்ச வரிங்க இது, அதனாலதான் ஜனங்க இதை அறிவு மேல போட்ட வரின்னு திட்டினாங்க. ஆனா கதைக்கு ஸ்டாம்ப் வரி கிடையாது! கதைங்கிற பேர்ல ஒரு பென்னிக்கு என்ன வேணாலும் சொல்லலாம். ரெனால்ட்ஸ் அந்த ஓட்டைய முழுசா பயன்படுத்தினாரு. அவரு நாவலை ஒரு செய்தித்தாள் மாதிரியே படிக்கலாம்னு சொல்றேன்னா காரணம் இதுதான்.

கதை 1831 ஜூலைல ஒரு இடிமழை ராத்திரி ஸ்மித்ஃபீல்டு சந்தைக்குப் பக்கத்துல இருக்கிற சேரியில ஆரம்பிக்குது. வழி தெரியாம வந்த ஒரு இளைஞன் பாழடைஞ்ச வீட்டுக்குள்ள ஒதுங்குறான், ரெண்டு திருடங்க பேசுறதைக் கேட்டுடறான், அவங்க அவனைப் பிடிச்சு ஒரு பொறிக்கதவு வழியா கீழ ஓடுற ஃப்ளீட் சாக்கடைக்குள்ள தள்ளிடறாங்க. அது இளைஞனே இல்ல, ஆம்பள வேஷம் போட்ட பொண்ணுன்னு பின்னாடி தெரிய வருது. அப்புறம் மார்க்கம் சகோதரர்கள், ரிச்சர்டும் யூஜினும். யூஜின் அப்பாவோட சண்டை போட்டுக்கிட்டு வீட்டை விட்டுப் போறப்போ, சரியா 12 வருஷம் கழிச்சு இதே மரத்தடியில சந்திப்போம், அப்போ யாரு நல்லா இருக்கோம்னு பாப்போம்னு சவால் விட்டுட்டுப் போறான். நல்லவனா வாழப் பாக்குற ரிச்சர்ட் செய்யாத குத்தத்துக்கு ஜெயிலுக்குப் போறான், மோசடிப் பேர்வழியான யூஜின் பேரை மாத்திக்கிட்டு பணக்காரனா பார்லிமென்ட் வரைக்கும் ஏறுறான். இது ரெண்டுக்கும் நடுவுல பிணத் திருடன் ஆந்தனி டிட்கின்ஸ். கல்லறையில இருந்து பிணத்தைத் தோண்டி டாக்டருங்களுக்கு விக்கிறவன், அந்தக் காலத்து ஆளுங்களுக்கு இது கற்பனைப் பேய் இல்ல. 1828ல எடின்பரோல பர்க்கும் ஹேரும் பிணம் விக்கிறதுக்காகவே ஆளுங்களைக் கொன்னாங்க, 1831ல லண்டன்லயும் அதே மாதிரி ஒரு கேஸ் வந்து ரெண்டு பேரைத் தூக்குல போட்டாங்க. அதைச் சாக்கா வச்சு 1832ல வந்த சட்டம், யாரும் வந்து கேக்காத பிணங்களை அறுத்துப் படிக்கக் கொடுக்கலாம்னு சொல்லிச்சு. அப்படி யாரும் வந்து கேக்காத பிணம் எங்க கிடைக்கும்? ஏழைங்களை அடைச்சு வைக்கிற வொர்க்ஹவுஸ்லதான். பிணத் திருடன்னு ஒரு பேரைக் கேட்டதும் வாசகருக்கு வயித்தைக் கலக்கினதுக்கு இதெல்லாம்தான் காரணம்.

ரெனால்ட்ஸ் இந்த வில்லனைச் சும்மா பயமுறுத்துறதுக்கு வச்சுக்கல. நடுவுல கதையை நிறுத்திட்டு அவன் வாயாலயே அவன் வாழ்க்கையைச் சொல்ல வைக்கிறாரு. கடத்தல் பண்ணின ஏழை அப்பா ஜெயிலுக்குப் போறாரு, வெளிய வந்தா ஊரே ஒதுக்கி வைக்குது. அதே கடத்தலைப் பண்ணி மாட்டின பட்டக்காரப் பணக்காரன் அபராதம் கட்டிட்டு மரியாதையா உலாவுறான். இதைப் பாத்து வளந்த பையன்தான் பின்னாடி அப்படி ஆனான். ராட்டில்ஸ்னேக்னு பட்டப் பேரு உள்ள ஒரு பொம்பள வர்றாங்க, அவங்க கதை நிலக்கரிச் சுரங்கத்துல குழந்தைங்க இருட்டுல தவழ்ந்து வண்டி இழுக்கிற கதை. 1842ல பார்லிமென்ட் கமிஷன் ஒண்ணு சுரங்கத்துல வேலை பாக்குற குழந்தைங்களைப் பத்தி ரிப்போர்ட் கொடுத்து நாடே அதிர்ந்துச்சு, பெண்களையும் 10 வயசுக்குக் கீழ உள்ள பசங்களையும் சுரங்கத்துக்குள்ள இறக்கக் கூடாதுன்னு அந்த வருஷமே சட்டமும் வந்துச்சு. அந்த ரிப்போர்ட்ல இருந்த விஷயத்தை எடுத்து, பக்கத்துக்குக் கீழ அடிக்குறிப்பும் போட்டு, ரெனால்ட்ஸ் கதையா மாத்துனாரு. அரசாங்க ரிப்போர்ட்டைப் படிக்க முடியாத, வாங்க முடியாத ஆளுக்கு அது ஒரு பென்னிக்குக் கிடைச்சுது, அதுவும் கண்ணுல தண்ணி வர்ற மாதிரி. ஜர்னலிசம்னா இது இல்லாம வேற என்ன?

பக்கிங்காம் அரண்மனையையும் விட்டு வைக்கல. ஒரு சாராயக் கடைப் பையன் அரண்மனைக்குள்ள நுழைஞ்சு சோபாவுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டு ராணியும் இளவரசர் ஆல்பர்ட்டும் பேசுறதைக் கேக்கிறான். இதுவும் நிஜத்துல நடந்ததுதான், ஜோன்ஸ்னு ஒரு பையன் உண்மையாவே ஒண்ணுக்கு மேல தடவை அரண்மனைக்குள்ள புகுந்து மாட்டினான், 1840 டிசம்பர்ல அவனைப் பிடிச்சது ஒரு சோபாவுக்கு அடியிலதான். இன்னொரு இடத்துல ரெனால்ட்ஸ் கதையை விட்டுட்டு ஒரு வருஷ வருமானப் பட்டியலே போட்டுடறாரு: நாட்டை ஆள்றவங்களுக்கு 5,00,000 பவுண்டு, பிரபுவுக்கு 30,000, பாதிரியாருக்கு 7,500, நடுத்தர வர்க்கத்துக்கு 300, உழைக்கிறவனுக்கு 20. அந்த நம்பர்ங்களை அவரு எப்படிக் கணக்குப் போட்டாருன்னு சண்டை போடலாம், ஆனா 20ங்கிற நம்பரைக் கேட்ட தள்ளுவண்டிக்காரருக்கு 5,00,000ங்கிற நம்பர் ஏத்துன எரிச்சலை யோசிச்சுப் பாருங்க.

படிச்சவங்க இவரு மேல வச்ச பெரிய குத்தச்சாட்டு ஆபாசம். எல்லன் மன்ரோன்னு ஒரு பொண்ணு, அப்பாவுக்குச் சோறு போடுறதுக்காக ஓவியருக்கும் சிற்பிக்கும் மாடலா நிக்கிறா, அப்புறம் மேடைக்குப் போறா, படிப்படியா தன் முகத்தை, உடம்போட உருவத்தை, மானத்தைன்னு ஒவ்வொண்ணா விக்க வேண்டி வருது. இதை எழுதுறப்போ ரெனால்ட்ஸ் வாசகரோட ஆசையையும் தூண்டி விடுறாருங்கிறது உண்மைதான், வாரா வாரம் விக்கணுமே. அந்தப் பக்கங்களை இன்னைக்குப் படிச்சா சில இடத்துல எனக்கே சங்கடமா இருக்கு. ஆனா இந்தப் பொண்ணு கெட்டுப் போனவன்னு தண்டிச்சு சாகடிக்காம, புத்திசாலியா, தன் கால்ல நிக்கிறவளா கடைசி வரைக்கும் கொண்டு போறாரு. விக்டோரியா கால நாவல்ல வழி தவறின பொண்ணுக்கு சாவு இல்லாட்டி நாடு கடத்தல்தான் முடிவுன்னு இருந்த நேரத்துல இது ரொம்பப் பெரிய விஷயம்.

இப்போ டிராஃபல்கர் ஸ்கொயர். 1848 பிப்ரவரி 24ஆம் தேதி பிரான்ஸ்ல லூயி பிலிப் ராஜா முடியைத் துறந்துட்டு ஓடுறாரு. பதினோரு நாள் கழிச்சு, மார்ச் 6ஆம் தேதி, வருமான வரிய எதிர்த்து லண்டன்ல ஒரு கூட்டம் ஏற்பாடாகி இருந்துச்சு. போலீஸ் தடை போட்டதும் அதைக் கூட்டினவரு பின்வாங்கிட்டாரு, ஆனா ஆயிரக்கணக்குல ஜனங்க ஏற்கெனவே வந்து நின்னுட்டாங்க. ரெனால்ட்ஸ் போய்த் தலைமை ஏத்துக்கிட்டு, பிரெஞ்சு ஜனங்களோட புரட்சிய வாழ்த்திப் பேசினாரு. அதுக்கு முன்னாடி அவரு பெரிய மேடைப் பேச்சாளரும் இல்ல, எந்த இயக்கத்துலயும் பெரிய ஆளும் இல்ல, கதை எழுதுறவரு. கூட்டம் முடிஞ்சு ஜனங்க அவரு கூடவே ஸ்ட்ராண்ட் பக்கம் வெலிங்டன் தெருவுல இருந்த அவரு வீடு வரைக்கும் ஊர்வலமா வந்தாங்க, அங்க பால்கனியில நின்னு திரும்பவும் பேசினாரு. இந்தப் பக்கம் ஸ்கொயர்ல போலீஸுக்கும் கூட்டத்துக்கும் கைகலப்பு ஆரம்பிச்சு ரெண்டு மூணு நாள் இழுத்துச்சு.

அதுல இருந்து அவரு சார்ட்டிஸ்ட். சார்ட்டிஸ்டுங்கன்னா யாருன்னு சுருக்கமா சொல்லிடறேன். வயசுக்கு வந்த எல்லா ஆம்பளைங்களுக்கும் ஓட்டு, ரகசிய வாக்கு, எம்பிக்கு சம்பளம், எம்பி ஆக சொத்து இருக்கணும்ங்கிற கண்டிஷன் கூடாது, தொகுதிங்க சமமா இருக்கணும், வருஷா வருஷம் பார்லிமென்ட் தேர்தல். இந்த ஆறு கோரிக்கைய 1838ல எழுதி லட்சக்கணக்குல கையெழுத்து வாங்கின தொழிலாளர் இயக்கம் அது. ஏப்ரல் 10ஆம் தேதி கென்னிங்டன் திடல்ல நடந்த பெரிய கூட்டத்து நேரத்துல ரெனால்ட்ஸ் டெர்பி ஊரோட பிரதிநிதியா சார்ட்டிஸ்ட் மாநாட்டுல இருந்தாரு. அந்த இயக்கம் அந்த வருஷத்தோட தளர ஆரம்பிச்சுடுச்சு, நிறைய பேரு ஒதுங்கினாங்க, தலைவருங்க பல பேரு ஜெயிலுக்குப் போனாங்க. ரெனால்ட்ஸ் அந்த நேரத்துல இன்னும் உள்ள போனாரு, 1850ல சார்ட்டிஸ்ட் செயற்குழுவுக்குத் தேர்ந்தெடுத்தாங்க. அதே வருஷம் மே 5ஆம் தேதி ‘ரெனால்ட்ஸ் வீக்லி நியூஸ்பேப்பர்’ ஆரம்பிச்சாரு.

சந்தர்ப்பவாதின்னு அவரை அன்னைக்கே சொன்னவங்க உண்டு. காரல் மார்க்ஸ் ஒரு கடிதத்துல அவரை அயோக்கியன், காசு பாக்குற கெட்டிக்கார வியாபாரின்னு திட்டியிருக்காரு. சார்ட்டிஸ்ட் தலைவர் எர்னஸ்ட் ஜோன்ஸ் மேல ரெனால்ட்ஸ் பேப்பர்ல அவதூறா எழுதினதுக்கு ஜோன்ஸ் கேஸ் போட்டு 1859ல ஜெயிச்சாரு. அமெரிக்க உள்நாட்டுப் போர் நேரத்துல இந்தப் பேப்பரோட தலையங்கங்கள் அடிமை வச்சிருந்த தெற்கு மாநிலங்கள் பக்கம் சாஞ்சுது, எனக்கு இதுதான் அவரு வாழ்க்கைல மன்னிக்கவே முடியாத பகுதி. உழைக்கிறவனுக்காக எழுதுறேன்னு சொன்ன பேப்பர் அங்க கண்ணை மூடிக்கிச்சு. ஆனா கொள்கை இல்லாத வெறும் வியாபாரின்னு சொன்னா ஒத்துக்க முடியல. சார்ட்டிசம் செத்துப் போனப்புறம் அதைப் பேசி யாருக்கு என்ன லாபம்? அப்பவும் அந்தப் பேப்பர் ராணி வேண்டாம், பிரபுக்கள் சபை வேண்டாம், எல்லாருக்கும் ஓட்டு வேணும்னு வாரா வாரம் எழுதிச்சு. 1857ல இந்தியாவுல சிப்பாய்ங்க கிளர்ந்தப்போ லண்டன் பேப்பருங்க பழிவாங்கணும்னு கத்திக்கிட்டிருந்த நேரத்துல, இதுக்குக் காரணமே கம்பெனி ஆட்சியோட கொடுமைதான்னு எழுதின ரொம்பக் கொஞ்சம் பேப்பருங்கள்ல இதுவும் ஒண்ணு. ஸ்டாம்ப் வரி 1855லயும் காகித வரி 1861லயும் போனதும் விலையைக் குறைச்சாங்க, விற்பனை லட்சக்கணக்குல ஏறுச்சு. அந்தப் பேப்பர் அவரு செத்தப்புறமும் பல கை மாறி, 1929ல கூட்டுறவு இயக்கத்துக்காரங்க கைக்குப் போய், பேரும் மாறி 1967 வரைக்கும் வந்துச்சு.

நாவலும் நிக்கல. ‘மிஸ்டரீஸ் ஆஃப் லண்டன்’ பதிப்பாளரோட முறிஞ்சதும் ஜான் டிக்ஸ்ங்கிற பதிப்பாளரோட சேந்து 1848ல ‘மிஸ்டரீஸ் ஆஃப் தி கோர்ட் ஆஃப் லண்டன்’ ஆரம்பிச்சாரு. நாலாம் ஜார்ஜ் இளவரசரா இருந்த காலத்துல அவரும் அவரு கூட்டமும் ஆடின ஆட்டத்துல ஆரம்பிச்சு அந்தத் தொடரை 1856 வரைக்கும் எழுதினாரு. ரெண்டு தொடரும் சேத்து நாற்பது லட்சம் வார்த்தைக்கு மேலன்னு கணக்கு சொல்றாங்க. கூடவே 1846ல ஆரம்பிச்ச சொந்த வார இதழ் ‘ரெனால்ட்ஸ் மிசலனி’. அதுல பணக்காரங்க உடுத்துற துணிய தைக்கிற ஏழைப் பொண்ணைப் பத்தி ‘தி சீம்ஸ்ட்ரஸ்’ 1850ல வந்துச்சு. அந்தக் கதைல ஒரு உடுப்பு தைக்கிறவ கையில இருந்து கிளம்பி ஒவ்வொரு இடைத்தரகரா தாண்டி பிரபு வீட்டு அம்மா வரைக்கும் போறதைப் படிப்படியா காட்டுறாரு, ஒவ்வொரு படியிலயும் யாரு எவ்வளவு எடுத்துக்கிறாங்கன்னு. ராணுவத்துல கசையடி கொடுக்கிறதை எதிர்த்து ‘தி சோல்ஜர்ஸ் வைஃப்’. சாண்ட்ஹர்ஸ்ட்ல படிச்ச ஆளு எழுதினது அது. ராணுவக் கசையடிய சட்டம் போட்டு நிறுத்தினது 1881லதான், அவரு போய்ச் சேந்து ரெண்டு வருஷம் கழிச்சு. ஓநாயா மாறுற மனுஷன் கதை ‘வாக்னர் தி வேர்வுல்ஃப்’ இவரோடதுதான், பேய்க்கதை பிடிச்சவங்க இன்னைக்கும் தேடிப் படிக்கிறாங்க. வேலைக்காரப் பொண்ணோட நினைவுக் குறிப்பா ‘மேரி பிரைஸ்’. வீட்டு வேலைக்குப் போற பெண்கள் லட்சக்கணக்குல இருந்த ஊர்ல அவங்களைக் கதையோட ஓரத்துல நிக்க வைக்காம நடுவுல கொண்டு வந்தாரு.

டிக்கன்ஸ் 1850 மார்ச் கடைசியில ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ பத்திரிகைய ஆரம்பிச்சப்போ முதல் இதழ் முன்னுரைலயே, கீழ்த்தரமான ஆசைங்களுக்குத் தீனி போடுற சில பத்திரிகைங்க இருக்கு, அதுங்க இடத்தைப் பிடிக்கணும்னு பேரு சொல்லாம எழுதினாரு. யாரைன்னு எல்லாருக்கும் தெரியும். அந்தப் பத்திரிகை ஆபீஸும் ரெனால்ட்ஸோட ஆபீஸும் அதே வெலிங்டன் தெருவுலதான் இருந்துச்சு. டிக்கன்ஸுக்கு ஏழைங்க மேல உண்மையான கருணை இருந்துச்சு, அதுல சந்தேகம் இல்ல. ஆனா அவரு நாவல்ல ஏழைங்க கஷ்டம் தீர ஒரு நல்ல மனசுள்ள பணக்காரர் வர்றது வழக்கம். ரெனால்ட்ஸ் கேக்கிறது வேற, இந்தப் பணம் அவனுக்கு எங்க இருந்து வந்துச்சு, சட்டத்தை எழுதினது யாருன்னு. பள்ளிக்கூடமும் காலேஜும் டிக்கன்ஸைப் பாடமா வச்சுக்கிட்டு ரெனால்ட்ஸை மறந்ததுக்கு எழுத்தோட தரம் ஒரு காரணம். அவசரத்துல எழுதினதால நீட்டல், திரும்பத் திரும்ப வர்றது, நம்ப முடியாத தற்செயல் எல்லாம் நிறைய. ஆனா அது மட்டுமே காரணம்னு என்னால நம்ப முடியல. 1879 ஜூன்ல அவரு லண்டன்ல இறந்தப்போ புத்தக வியாபாரிங்களோட பத்திரிகையான ‘புக்செல்லர்’ நம்ம காலத்துல அதிகம் பேர் படிச்ச எழுத்தாளர் இவருதான்னு எழுதிச்சு. விக்கிறவங்களுக்குத் தெரியாதா என்ன?

இங்கிலாந்து மறந்தாலும் இந்தியா ரொம்ப நாள் அவரை விடல. 19ஆம் நூற்றாண்டு கடைசியில இங்க நூலகங்கள்லயும் புத்தகக் கடைங்கள்லயும் ரெனால்ட்ஸ் நாவலுக்கு இருந்த கிராக்கி மத்த இங்கிலீஷ்காரங்க யாருக்கும் இல்லன்னு ஆய்வாளருங்க சொல்றாங்க. பிரேம்சந்த் சின்னப் பையனா உருதுல படிச்ச கதைங்களைப் பத்திச் சொல்றப்போ, ரெனால்ட்ஸ் மொழிபெயர்ப்புங்க எப்படி விழுந்தடிச்சு வித்துச்சுன்னு எழுதியிருக்காரு. தமிழ்ல ஆரணி குப்புசாமி முதலியார் இவரு நாவல்ங்களை ஊர் பேரும் ஆள் பேரும் மாத்தித் தழுவி எழுதினாரு. அதுல ‘இரத்தினபுரி இரகசியம்’ பல பாகமா வந்தது, மூலம் ‘மிஸ்டரீஸ் ஆஃப் தி கோர்ட் ஆஃப் லண்டன்’ங்கிற அந்த அரண்மனை ரகசியத் தொடர். இன்னும் ஆச்சரியம் மறைமலையடிகள். சைவப் பெரும்புலவர், தனித்தமிழ் இயக்கம் கண்டவர், அவரே ரெனால்ட்ஸோட ‘லீலா’ நாவலைத் தழுவி 1911ல ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ எழுதினாரு. காக்கேசிய மலைப் பக்கம் நடக்கிற கதைய நாகநாட்டுக்குக் கொண்டு வந்தாரு. வெள்ளைக்காரன் ஆட்சியில இருந்தவங்களுக்கு வெள்ளைக்கார ராஜ குடும்பத்தோட கேவலத்தை வெள்ளைக்காரரே எழுதிக் காட்டினா அதைப் படிக்கிறதுல ஒரு தனி திருப்தி இருந்திருக்கும்னு நான் நினைக்கிறேன். மிஷனரிங்களும் கல்வி அதிகாரிங்களும் படிக்கச் சொன்ன ‘நல்ல’ புத்தகங்க அந்தத் திருப்தியைக் கொடுத்திருக்காது. அதுபோக திடுக்கிடும் திருப்பம், மாறுவேஷம், காணாம போன வாரிசுன்னு நம்ம கூத்துலயும் கதைப்பாட்டுலயும் ஏற்கெனவே பழகின சமாச்சாரம் எல்லாம் அதுல இருந்துச்சு.

படிச்சுப் பாக்கணும்னு தோணுச்சுன்னா ‘மிஸ்டரீஸ் ஆஃப் லண்டன்’ முதல் தொகுதில இருந்து ஆரம்பிங்க, காப்பிரைட் எப்பவோ முடிஞ்சதால இன்டர்நெட்ல இலவசமா கிடைக்கும், 2010க்கு மேல முழுப் பதிப்பு புதுசா அச்சுலயும் வந்திருக்கு. முழுசா ஒரே மூச்சுல படிக்க நினைச்சா முடியாது, அது அதுக்காக எழுதினதும் இல்ல, வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு அத்தியாயம் சத்தமா வாசிச்சா நல்லா ஓடும். நேரம் கம்மின்னா பிணத் திருடன் தன் வரலாறு சொல்ற அத்தியாயத்தையும் ராட்டில்ஸ்னேக்கோட சுரங்கக் கதையையும் மட்டுமாவது படிங்க, ரெண்டும் தனியா படிச்சாலும் புரியும். சின்ன கதையா வேணும்னா ‘தி சீம்ஸ்ட்ரஸ்’.